கடல் கடந்து வந்த பள்ளிக் கட்டணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் பேசுவோர் பெரும்பாலும் புலவர்களாக இருப்பர். இல்லையேல் பெரிய அதிகாரிகளாக இருப்பர். நான் இரண்டும் அல்லேன். பார்சல் ஆபீஸில் மூட்டைகளை எடை போட்டு ரசீது எழுதும் குமாஸ்தா. என் படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்று போயிற்று. சென்ற மாதச் செயற்குழுவில் ஒரு யோசனையைக் கிளப்பி எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கினேன். அதற்குத் தண்டனையாகவே ‘கல்விக் கொடை’ என்னும் தலைப்பில் பத்து நிமிடம் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார் என்று எண்ணுகிறேன்.

கொடை என்றவுடன் பாரியையும் கர்ணனையும் தொடங்கிவிடுவது நம் வழக்கம். அவர்கள் மன்னர்கள். தேரைக் கொடுத்தார்கள், கவசத்தைக் கொடுத்தார்கள். மாதச் சம்பளக்காரர்களாகிய நாம் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு செல்வதற்கு அக்கதைகள் மிகவும் வசதியானவை. ஆகவே நான் இன்று ஒரு சம்பளக்காரியின் கொடையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் என் மகள் ஓர் ஆவணப் படத்தைப் போட்டுக் காட்டினாள். 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘எ ஸ்மால் ஆக்ட்’ என்பது பெயர். சிறு செயல் என்று பொருள். எடுத்தவர் ஜெனிபர் ஆர்னால்டு என்னும் அம்மையார். அதில் வருவது கற்பனைக் கதை அன்று, நடந்த வரலாறு.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள கென்யா நாட்டில், நைரோபி நகருக்கு வடக்கே கியாம்பு என்னும் பகுதி இருக்கிறது. செம்மண் நிலம், காப்பித் தோட்டங்கள். அப்பகுதியில் மிட்டஹாட்டோ என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, வகுப்பில் முதல் மாணவனாக விளங்கிய சிறுவன் ஒருவன் இருந்தான். கிறிஸ் ம்புரு என்பது அவன் பெயர். அறிவு இருந்தது, கட்டணம் செலுத்தப் பணம் இல்லை.

நைரோபி என்றதும் நம் காலனியார் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்நகரமே 1899-இல் ஒரு ரயில்வே டிப்போவாகத் தோன்றியது. மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரையில் 1896 முதல் 1901 வரை ரயில் பாதை போட்டவர்கள் நம் நாட்டினின்று கப்பலேற்றிச் செல்லப்பட்ட தொழிலாளர்கள். ஏறக்குறைய 32,000 பேர் சென்றனர், பெரும்பாலோர் பஞ்சாபியர். அவர்களில் 2,500 பேர் வரையில் அங்கேயே மாண்டனர். நம் பழைய மீட்டர் கேஜ் அகலந்தான் அப்பாதைக்கும். ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் நம்மவர் பலர் அங்கே பணியாற்றினர். என்னைப் போல் ஒருவன் அங்கேயும் உட்கார்ந்து ரசீது எழுதியிருப்பான் என்று நினைக்கையில் அந்நாடு எனக்கு அயல் நாடாகத் தோன்றவில்லை. இருக்கட்டும், விஷயத்திற்கு வருகிறேன்.

கென்யாவில் பள்ளிப் படிப்புக்கு இடையே ஒரு வாயில் இருந்தது. தொடக்கப் பள்ளி முடிந்தவுடன் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. ம்புரு படித்த காலத்தில் ஏழாம் ஆண்டின் இறுதியில் நடந்தது. 1985-இல் முறை மாறி எட்டாம் ஆண்டின் இறுதிக்குச் சென்றது. மொத்தம் 500 மதிப்பெண்கள். அந்தத் தேர்வு 2023-இல் கடைசி முறையாக நடந்து ஓய்ந்தது. அது இருந்தவரையில், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையின் வாழ்வு அந்தச் சில நாள்களில் முடிவாயிற்று. நல்ல மதிப்பெண் பெற்றால் நல்ல உயர்நிலைப் பள்ளி. அது பெரும்பாலும் விடுதிப் பள்ளி. கடிதம் வரும். அதனுடன் ஒரு பட்டியலும் வரும். சீருடை, காலணி, மெத்தை, போர்வை, புத்தகங்கள், இவற்றையெல்லாம் வைத்துப் பூட்ட ஒரு தகரப் பெட்டி. இவற்றின் மேல் கட்டணம். ஆண்டுக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திற்கும் செலுத்த வேண்டும். செலுத்தத் தவறினால் பிள்ளையை வீட்டிற்கு அனுப்பிவிடுவர். பணம் புரண்டபின் திரும்பி வரலாம். அதற்குள் பாடம் போய்விடும்.

தேர்வில் தோற்ற பிள்ளைக்கு அழுவதற்குக் காரணம் உண்டு. வென்ற பிள்ளையும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது. இந்த இரண்டாவது அழுகைதான் என்னை உறங்க விடவில்லை.

அரசினர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுதல் நியாயமாகாது. 2003-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினர். 2008-இல் உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கும் கட்டணத்தை நீக்கினர். ஆயினும் விடுதியும் உணவும் பெட்டியும் மெத்தையும் பெற்றோர் தலையிலேயே நின்றன. ஊரார் ஒன்றுகூடிப் பணம் திரட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ‘ஹராம்பே’ என்பர், எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்பது பொருள். அச்சொல்லை நாட்டின் சின்னத்திலேயே பொறித்திருக்கின்றனர்.

சிறுவன் ம்புருவுக்கு உதவி வந்தது ஊரிலிருந்து அன்று, ஸ்வீடனிலிருந்து. வெஸ்டெரோஸ் என்னும் நகரில் ஹில்டே பாக் என்றோர் அம்மையார் இருந்தார். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. தனியாக வாழ்ந்தவர், செல்வர் அல்லர். வெளிநாட்டு ஏழைப் பிள்ளை ஒருவனின் படிப்பை ஏற்கும் திட்டமொன்றில் சேர்ந்து, பருவத்திற்குப் பதினைந்து டாலர் அளவில் அனுப்பி வந்தார். பையனின் முகத்தை நேரில் கண்டதில்லை. அவன் என்ன ஆவான் என்பதும் அவருக்குத் தெரியாது. அனுப்பினார், தவறாமல் அனுப்பினார், அவ்வளவே.

அந்தப் பையன் பள்ளியை முடித்தான். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கும் சென்று பயின்றான். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பணியில் அமர்ந்தான். இனி அவரை ‘அவன்’ என்று சொல்வது முறையாகாது. ம்புரு அவர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு கல்வி நிதி தொடங்கியபோது, எங்கிருக்கிறார், இருக்கிறாரா என்றும் அறியாத அந்த அம்மையாரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பிறகு ஸ்வீடன் தூதரகத்தின் வழியாகத் தேடிக் கண்டுபிடித்தார். முதுமைப் பருவத்தில் அம்மையார் கென்யாவுக்கு வந்தார். ஊரே திரண்டு ஆடிப் பாடி அவரை வரவேற்றது. இத்தனை ஆரவாரத்திற்குத் தாம் என்ன செய்துவிட்டோம் என்று அவர் திகைத்ததை அப்படத்தில் காணலாம்.

இனிச் சொல்லப்போவது பின்னரே வெளிப்பட்டது. ஹில்டே பாக் பிறப்பால் ஸ்வீடன் நாட்டவர் அல்லர். 1922-இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் ஆட்சியில் யூதப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1938 நவம்பரில் அரசுப் பள்ளிகளினின்று அடியோடு விலக்கப்பட்டனர். இளம்பெண்ணாக இருக்கையில் அவர் ஸ்வீடனுக்குத் தப்பி வந்தார். பெற்றோர் இருவரும் நாஜிகளின் முகாம்களில் மடிந்தனர். படிக்கும் வயதில் பள்ளியினின்று துரத்தப்பட்ட பெண், வேறு கண்டத்தில், வேறு நிறத்தில், வேறு மொழி பேசும் ஒரு பையன் பள்ளியினின்று துரத்தப்படாமல் பார்த்துக்கொண்டார். அப்பையனோ வளர்ந்து, இனப் பகையை எதிர்த்து வாதாடுவதையே தம் தொழிலாகக் கொண்டார். இதைப் பற்றி அவர்கள் இருவரும் முன்னதாகப் பேசி வைத்துக்கொண்டதில்லை. அம்மையார் 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் தம் 98-ஆம் வயதில் காலமானார்.

அன்பர்களே, இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அந்தப் படம் இவ்வளவில் நிற்கவில்லை. நிதி தொடங்கிய பின் யாருக்குக் கொடுப்பது என்னும் கேள்வி வருகிறது. குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால்தான் உதவி என்று வரம்பு வைக்கின்றனர். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. குழுவினர் மேசையைச் சுற்றி அமர்ந்து வருந்துகின்றனர். பணம் ஒரு சிலருக்கே போதும். மற்றப் பிள்ளைகள் எங்கே போவர்? அதே காலத்தில், 2007 டிசம்பர்த் தேர்தலை ஒட்டிக் கென்யாவில் இனக் கலவரம் மூண்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். படிப்பு இன்றித் திரியும் இளைஞன் கையில் யார் வேண்டுமானாலும் கத்தியைக் கொடுக்கலாம் என்பது ம்புருவின் அச்சம்.

இம்மாதிரித் திட்டங்களைக் குறை கூறுவோரும் உளர். அவர்கள் கூற்றைக் கேளாமல் விடக்கூடாது. 1998-இல் அமெரிக்காவின் ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழ் ஆராய்ந்து எழுதியது: இறந்துபோன குழந்தைகளின் பெயரில்கூட நன்கொடையாளரிடம் பணம் வாங்கப்பட்டு வந்தது என்று. ஆகவே, கொடுப்பவன் கேள்வி கேட்க வேண்டும். மற்றொரு புறம், 2013-இல் பொருளாதார அறிஞர் சிலர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கென்யா, உகாண்டா, இந்தியா முதலிய ஆறு நாடுகளில் இத்தகைய திட்டமொன்றில் வளர்ந்தவர்களையும் வளராதவர்களையும் சேர்த்துப் பதினாயிரம் பேருக்குமேல் விசாரித்தனர். உதவி பெற்றவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையில் கூடுதலாகப் படித்திருந்தனர். உயர்நிலைப் பள்ளியை முடிப்போர் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை அதிகரித்தனர். எல்லோரும் ஹார்வர்டுக்குப் போகவில்லை. நூற்றுக்குப் பதினைந்து பேர் கூடுதலாகப் பள்ளியை முடித்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அது என் சொந்தக் கருத்து. உதவி பெறும் பிள்ளையிடம் மாதந்தோறும் நன்றிக் கடிதம் எழுதி வாங்குவதும், நிழற்படம் எடுத்துச் சுவரில் மாட்டுவதும் எனக்கு உவப்பாக இல்லை. பார்சலுக்கு ரசீது வேண்டும், பிள்ளைக்கு எதற்கு?

இவ்வளவு பேசுகிறாயே, நீ என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லத்தான் இங்கே வந்தேன்.

2011-இல் நான் இவ்வூருக்கு வருமுன் ஒரு சிறு ஜங்ஷனில் வேலை பார்த்தேன். பிளாட்பாரத்தில் தேநீர் விற்பவர் ஒருவரின் மகன் காலையில் தந்தைக்கு உதவிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவான். எட்டாம் வகுப்பு. என் மேசையருகே நின்று, நான் கூட்டி முடிக்குமுன் பார்சல் கணக்கை வாயால் கூட்டிச் சொல்லுவான். ஒரு முறையேனும் தவறியதில்லை. எட்டு முடிந்தவுடன் தந்தை அவனை நிறுத்தப் பார்த்தார். உயர்நிலைப் பள்ளி பதினொரு கிலோமீட்டருக்கு அப்பால். பஸ் கட்டணம், நோட்டுப் புத்தகம், கணக்குக்குத் தனிப்பாடம் எல்லாம் சேர்த்து மாதம் 400 ரூபாய். பத்தாம் வகுப்பு முடியும் வரை நான் தருகிறேன் என்று அந்தப் பெரியவர் கையைப் பிடித்துச் சொன்னேன். பையன் ‘பாபுஜி’ என்று சொல்லிக் காலைத் தொட்டான். எனக்கு அன்று மிகவும் பெருமையாக இருந்தது.

ஏழு மாதம் கொடுத்தேன். மாற்றல் உத்தரவு வந்தது. அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லி வந்தேன். இரண்டு மாதம் அனுப்பினேன். மூன்றாம் மாதம் வீடு மாற்றிய செலவு, மகளைப் பள்ளியில் சேர்த்த செலவு. அடுத்த மாதம் சேர்த்து அனுப்பலாம் என்று எண்ணினேன். அடுத்த மாதமும் அவ்வாறே எண்ணினேன். ஐந்தாம் மாதம் 2,000 ரூபாயைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, அங்குள்ள நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினேன். பையன் பள்ளியை விட்டு, மாமனுடன் ஏதோ நகரத்து ஓட்டலுக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆயிற்று என்றார். எந்த நகரம் என்று அவருக்குத் தெரியவில்லை. தேநீர்க் கடையும் அங்கே இல்லை. இன்றைக்கும் அவன் எங்கே இருக்கிறான் என்று நான் அறியேன்.

நான் கொடாதிருந்தால் அவன் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பான். ஆனால் யாரையும் நம்பியிருக்க மாட்டான். ஸ்வீடன் அம்மையார் அனுப்பிய தொகையும் என் தொகையும் அளவில் பெரிதும் வேறுபட்டவை அல்ல. அவர் கடைசிப் பருவம் வரை அனுப்பினார்.

இனி, செயற்குழுவில் நான் வைத்த யோசனை. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையில் இலவசக் கல்விக்கு வழி செய்கிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. கென்யாவில் வாயில் இருந்த இடத்தில்தான் நமக்கும் வாயில் இருக்கிறது. நம் ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் காலனிச் சுவருக்கு அப்பால் குடியிருக்கின்றனர். அவர்களில் இரண்டு பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நம் சங்கம் படிக்க வைக்க வேண்டும். பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் நாற்பத்தெட்டு மாதங்களுக்கு இரு பிள்ளைகளுக்கும் 96,000 ரூபாய். சங்கத்தில் 120 குடும்பங்கள். குடும்பத்திற்கு 800 ரூபாய். நான்காண்டுகளுக்குப் பங்கிட்டால் மாதம் பதினேழு ரூபாய்கூட ஆகவில்லை.

ஒரு நிபந்தனை கேட்டேன். 96,000 ரூபாயும் சேர்ந்து வங்கியில் வைப்பாக ஏறிய பிறகுதான் பிள்ளைகளைத் தேட வேண்டும். அதற்கு முன் எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது. எந்தப் பிள்ளையிடமும் ஒரு சொல் சொல்லக்கூடாது. மாற்றல் நம் எல்லோருக்கும் வரும். நாம் போய்விட்டாலும் பணம் இங்கே இருக்க வேண்டும். பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தவும் வேண்டாம். மலரில் அவர்கள் படத்தைப் போடவும் வேண்டாம். பொருளாளர் பருவத்திற்கு ஒரு முறை பள்ளிக்குச் சென்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து வந்தால் போதும்.

குழுவில் மூத்தவர் ஒருவர், என் தந்தையோடு பணிபுரிந்த பெரியவர், இரண்டு வினாக்கள் எழுப்பினார். பங்குனி உத்திரச் செலவுக்கே வசூல் தடுமாறுகையில் இது எதற்கு என்பது ஒன்று. தமிழ்ச் சங்கத்தின் பணம் தமிழ்ப் பிள்ளைக்கு அன்றோ போக வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வினா நியாயமானது. திருவிழா வசூலில் கை வைக்க நான் கேட்கவில்லை. இரண்டாவதற்கு அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பெரியவர் முன் வாதாடும் பழக்கமும் எனக்கு இல்லை. இன்று இவ்வளவு மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: நம் முன்னோர் இவ்வூருக்கு வந்து இறங்கியபோது அவர்களுக்கு வீடு காட்டியவர்களும், கடன் சாமான் கொடுத்தவர்களும் தமிழர் அல்லர். பெரியவர் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் ஒப்பாமல் இத்திட்டம் நடவாது, நடக்கவும் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. எல்லோரும் வந்திருந்து வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லுங்கள். வேண்டாம் என்று முடிவாயின் நான் வருந்தமாட்டேன். சரி என்று சொல்லிவிட்டுப் பாதியில் விட்டால் வருந்துவேன்.

என் குடும்பத்தின் 800 ரூபாயையும், அந்தப் பழைய 2,000 ரூபாயையும் பொருளாளரிடம் இன்று காலை கொடுத்திருக்கிறேன். தீர்மானம் தோற்றால் அதை அவர் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் திருப்பித் தர வேண்டாம்.

செயலாளர் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்க்கிறார். கோலாட்டக் குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நெடுநேரமாக நிற்கின்றனர்.